கற்றுக்கொள்ளும் வண்டிக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்களுக்கு

"ஓட்டிப் பழகுற வண்டிதானே, அதுக்குப் போய் இவ்வளவு மெனக்கெடணுமா?" ஹேண்டில்பாரும் மீட்டரும் மாற்றிய என் சின்ன பைக்கைப் பார்த்து நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். பழகுகிற வண்டி என்பதால்தான் மெனக்கெடுகிறேன். ஒற்றை சிலிண்டர் வண்டியில் மறைப்பு குறைவு. எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போகலாம். முன்பக்கத்தை ஒருமுறை நம் கையால் பிரித்து மாட்டினால், அது வாழ்நாளுக்கும் மறக்காது.

ஆனால் ஹேண்டில்பாரைப் படம் பார்த்து வாங்காதீர்கள். வண்டியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கையை நீட்டுங்கள். கை தானாக எங்கே போய் நிற்கிறதோ அதுதான் உங்கள் உயரம். தாழ்வான ஹேண்டில்பார் பார்க்க அழகுதான். மெதுவாகப் போகும்போது உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் மெதுவாகத்தான் போகிறார்கள். கொஞ்சம் அகலமான பார் திருப்புவதற்கு லேசாக இருக்கும். சின்ன வண்டிகளில் பெரும்பாலும் 22.2 மி.மீ. குழாய்தான் இருக்கும். நடுவில் 28.6 மி.மீ. தடிமன் உள்ள பார் வாங்கினால் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். பழையதைவிட உயரமான பார் மாட்டினேன், கேபிள்களை அப்படியே விட்டுவிட்டேன். நேராகப் போனபோது ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு சந்தில் வண்டியைத் திருப்ப இடப்பக்கம் முழுசாக ஒடித்தேன். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை, எஞ்சின் தானாக உறுமியது. ஆக்சிலேட்டர் கேபிள் விறைப்பாகி இழுத்திருக்கிறது. கிளட்சைப் பிடித்ததால் தப்பித்தேன். அன்றிலிருந்து பார் மாற்றும் யாரிடமும் கெஞ்சிக் கேட்பது இதுதான்: எஞ்சினை ஓடவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒடித்துப் பாருங்கள். சத்தம் துளி கூட ஏறக் கூடாது. பிரேக் ஹோஸ் விறைக்கக் கூடாது, கட்டைவிரல் டேங்கில் நசுங்கக் கூடாது. அப்புறம், சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சின்ன முளை இருக்கும், பாரில் அதற்கு ஒரு துளை வேண்டும். துளை போடச் சோம்பல்பட்டு முளையைச் சீவித் தள்ளுகிறார்கள். அப்படிச் செய்தால் ஆக்சிலேட்டர் திருகும்போது பெட்டியே சேர்ந்து சுழலும். தயவுசெய்து சீவாதீர்கள்.

மீட்டர் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. வண்டி எந்தக் கியரிலும் இல்லை என்று காட்டும் நியூட்ரல் லைட் இல்லாத குட்டி மீட்டரைப் புதிதாக ஓட்டுகிறவர் மாட்டவே கூடாது. சிக்னலில் நிற்கும்போது அந்தப் பச்சை வெளிச்சம் தரும் தைரியம் பழகுகிறவருக்குத்தான் தெரியும். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் கேபிளில் ஓடும் ஸ்பீடோமீட்டர் என்றால் சுற்றுக் கணக்கும் பொருந்த வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் கேபிள் நிமிடத்துக்கு 1400 சுற்று வரும் என்று வைத்துச் செய்தவை உண்டு, வேறு கணக்குக்குச் செய்தவையும் உண்டு. உங்கள் வண்டியில் வருவதைவிட அதிகச் சுற்றுக்குச் செய்த மீட்டரை மாட்டினால், நீங்கள் 60-இல் போகும்போது முள் அதைவிடக் குறைவாகக் காட்டும். மெதுவாகத்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டே வளைவில் நுழைவீர்கள்.

வயரிங்கில் ஒரே ஒரு வார்த்தை: பழைய வயரை வெட்டாதீர்கள். அதே மாதிரி கப்ளர் (வயர்களைச் செருகி இணைக்கும் பிளக்) வாங்கி இடையில் சேருங்கள், பிடிக்காவிட்டால் பழைய மீட்டரையே திரும்பச் செருகலாம். புது மீட்டரில் இரண்டு இண்டிகேட்டருக்கும் பொதுவாக ஒரே எல்இடி இருந்தால், ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாமல் போகலாம். மீட்டர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு இரண்டு சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பழைய பாரையும் மீட்டரையும் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். கழற்றிய அன்று ஓடியிருந்த கிலோமீட்டரை ஒரு சீட்டில் தேதியோடு எழுதி அதிலேயே ஒட்டியிருக்கிறேன். புது மீட்டர் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கியது. நாளை இந்த வண்டியை வாங்கப்போகிறவரிடம் அந்தச் சீட்டையும் கொடுப்பேன்.