நாலு ரன் குறைச்சல்

(மயிலாடுதுறைப் பக்கத்தில் ஒரு கிராமம். குறுவை அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் அம்பாரம் அம்பாரமாகக் கிடக்கிறது. முந்தாநாள் பெய்த மழையின் ஈரம் இன்னும் போகவில்லை. இரவு பத்து மணி. அவரவர் அம்பாரத்துக்குக் காவலாக மாமாவும் மாப்பிள்ளையும். மாமாவுக்கு நெல் இரண்டாம் போகம்தான்; முதல் போகம் கிரிக்கெட்.)

மாப்பிள்ளை: மாமா, தூறல் விழும்போல இருக்கிறது. உங்கள் தார்ப்பாயின் வடக்கு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது, பாருங்கள்.

மாமா: கொஞ்சம் இரு. ஆஸ்திரேலியாவின் பிராட்மன் லண்டன் ஓவல் மைதானத்தில் மட்டை பிடிக்க இறங்குகிறார்.

மாப்பிள்ளை: எப்போது?

மாமா: 1948-இல்.

மாப்பிள்ளை: இத்தனை வருடம் காத்திருந்தவர் இன்னும் இரண்டு நிமிடம் காத்திருக்க மாட்டாரா? மூலையில் ஒரு கல்லை வைத்துவிட்டு வாருங்கள்.

மாமா: அவர் நிற்கவில்லையே, அதுதானே வயிற்றெரிச்சல்! கடைசி டெஸ்ட். நாலே நாலு ரன் எடுத்தால், ஆட்டமிழந்த ஒரு முறைக்குச் சராசரி நூறு ரன். இங்கிலாந்தின் எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்து, எதிர்பாராத பக்கம் திரும்பும் கூக்ளி. ஸ்டம்பு எகிறியது. பூஜ்யம்! சராசரி 99.94-இல் நின்றுவிட்டது.

மாப்பிள்ளை: மொத்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

மாமா: 52 டெஸ்ட். 70 முறை ஆட்டமிழந்திருக்கிறார். 6,996 ரன்.

மாப்பிள்ளை: அதாவது 70 மூட்டை, மூட்டைக்கு நூறு கிலோ. மொத்தத்தில் நாலு கிலோ குறைகிறது. சாக்கு எடைக்குக் கழித்திருப்பார்கள்.

மாமா: உன்னிடம் போய்ச் சொன்னேனே!

மாப்பிள்ளை: கோபப்படாதீர்கள். அடுத்த இன்னிங்ஸில் அந்த நாலை எடுத்திருக்கலாமே?

மாமா: இங்கிலாந்துக்காரர்கள் விட்டால்தானே? முதல் இன்னிங்ஸில் 52 ரன்னுக்குச் சுருண்டார்கள். இரண்டாவதிலும் தேறவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு இன்னிங்ஸ் வெற்றி. எதிராளி உருப்படியாக ஆடாததால் இவருக்கு மறுபடி மட்டை பிடிக்க வேலையே வரவில்லை. ஜெயித்தும் நஷ்டம்!

மாப்பிள்ளை: நல்ல விளைச்சல், விலை இல்லை என்பது போல. சரி, உலகத்தில் கிரிக்கெட்டைத் தவிர வேறு ஆட்டமே கிடையாதா?

மாமா: யார் சொன்னது? எந்த ஆட்டத்தில் பெரிய ஆள் இருந்தாலும் அவர் எனக்குச் சொந்தம். உசேன் போல்ட், 2009, பெர்லின். நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். நீ வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாப்பிள்ளை: இவர் எப்படிக் கிரிக்கெட்டுக்குச் சொந்தம்?

மாமா: சின்ன வயதில் கிரிக்கெட் ஆடியவர்தான். ருமேனியாவில் நாடியா கொமனெச்சி என்று ஒரு பெண். 1976, மான்ட்ரியால் ஒலிம்பிக். வயது 14. ஜிம்னாஸ்டிக்ஸில் பத்துக்குப் பத்து வாங்கினாள். மதிப்பெண் பலகையில் 10.00 காட்ட வசதியில்லை. 1.00 என்று காட்டியது!

மாப்பிள்ளை: நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வாங்க மாட்டார்கள்; நம் கொள்முதல் கருவிக்கோ 17-க்குக் கீழே காட்டத் தெரியாது. அது மாதிரி.

மாமா: அதேதான்.

மாப்பிள்ளை: அந்தப் பெண்ணும் கிரிக்கெட் ஆடினாளா?

மாமா: ருமேனியாவில் எங்கே கிரிக்கெட்? ஆனால் ஸ்லிப்பில் நிறுத்தியிருந்தால் ஒரு கேட்ச் தவறியிருக்காது.

(மாமாவிடம் வாதாடுவதும் வடவாற்றில் எதிர்நீச்சல் போடுவதும் ஒன்று. மாப்பிள்ளை வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்கிறார்.)

மாமா: இவ்வளவு ஏன், விஸ்வநாதன் ஆனந்த்! சதுரங்கத்தில் ஐந்து முறை உலக சாம்பியன். பிறந்தது எங்கே? இதோ, இந்த மயிலாடுதுறையில். ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது என்று சும்மாவா சொன்னார்கள்?

மாப்பிள்ளை: வளர்ந்தது சென்னையில், மாமா.

மாமா: நாற்றங்கால் நம்முடையது. நாற்றைப் பறித்து வேறு வயலில் நட்டால்தானே தூர் கட்டும்?

மாப்பிள்ளை: (முதல்முறையாக மடக்க முடியாமல்) அது சரிதான்.

மாமா: முகம் ஏன் வாடியிருக்கிறது?

மாப்பிள்ளை: நேற்று என் நெல்லுக்கு ஈரப்பதம் 17.3 என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றே மூன்று, அதுவும் புள்ளிக்குப் பின்னால்.

மாமா: பி.டி. உஷாவை நினைத்துக்கொள். 1984, லாஸ் ஏஞ்சலஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். விநாடியில் நூற்றில் ஒரு பங்கு பிந்தியதால் பதக்கம் போயிற்று. நாலாம் இடம்.

மாப்பிள்ளை: நாம் 22 சதவீதம் வரை தளர்த்தச் சொல்லி மனு கொடுக்கிறோமே, அவருக்காக யாரும் மனு கொடுக்கவில்லையா?

மாமா: ஓட்டப் பந்தயத்தில் ஏது மனு? தூங்கு. விடிந்தால் உன் நெல் தேறிவிடும்.

மாப்பிள்ளை: வடக்கு மூலை, மாமா…

மாமா: பார்க்கிறேன், பார்க்கிறேன். இந்த ஓவர் முடியட்டும்.

(நள்ளிரவில் நல்ல மழை. காலையில் பட்டியல் எழுத்தர் வந்தார். மாப்பிள்ளையின் அம்பாரத்தில் கைவிட்டு ஒரு பிடி நெல்லை அள்ளிக் கருவியில் போட்டார். 16.8. அடுத்து மாமாவின் அம்பாரம். கை வடக்கு மூலைக்குத்தான் போக வேண்டுமா? அங்கேதான் போனது. 17.6.)

மாமா: அநியாயம்! புள்ளி ஆறுக்காக ஒரு மனிதனைத் திருப்பி அனுப்புவதா?

மாப்பிள்ளை: பிராட்மனுக்குத் தவறியது 0.06. உங்களுக்கு 0.6. அவரைவிடப் பத்து மடங்கு பெரிய ஆள் நீங்கள்.

மாமா: வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சாதே.

மாப்பிள்ளை: இல்லை மாமா. அவருக்கு இரண்டாவது இன்னிங்ஸ் வரவில்லை. உங்களுக்கு இதோ வெயில் வந்துவிட்டது. நெல்லை விரியுங்கள், நானும் கூட வந்து காலால் கிளறிவிடுகிறேன்.

மாமா: எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்?

மாப்பிள்ளை: வடக்கு மூலையிலிருந்து. ராத்திரி ஹோலிஸ் அந்த முனையிலிருந்துதான் பந்து வீசினார்.