நாய்ஸுக்குப் பயந்து ஜரிகையைத் தொலைக்காதீர்கள்

தைப்பூசம், தீமிதி, தீபாவளி ஒளியூட்டு, எது முடிந்தாலும் மறுநாள் முகநூலில் மெழுகு பொம்மைகள் வரிசை கட்டி நிற்கின்றன. காவடி எடுத்தவர் முதுகில் வியர்வை இல்லை, நெற்றியில் விபூதித் துகள் இல்லை, பட்டுச் சேலையில் இழை இல்லை. பழி கேமராமீது போகிறது. உண்மையில் பாதி வேலையைச் செய்தது லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் 70 வரை இழுத்துவிட்ட, நாய்ஸைக் குறைக்கும் லூமினன்ஸ் ஸ்லைடர்.

வெளிச்சம் குறைந்த படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இந்த நாய்ஸ் இரண்டு விதம். இருட்டுப் பகுதியில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது கலர் நாய்ஸ். இதைத் தயங்காமல் எடுக்கலாம், ஏனென்றால் நிறத்தின் நுணுக்கத்தில் நம் கண் அவ்வளவு கெட்டி இல்லை. கேமரா எதையும் திருத்தாமல் சேமிக்கும் ரா கோப்புக்கு லைட்ரூம் தானாகவே வைக்கும் 25 பெரும்பாலும் போதும். கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 6400-ஐத் தாண்டினால் 40. அதற்கு மேல் போகும்போது பொட்டைப் பாருங்கள். தூரத்தில் நிற்கும் பெண்ணின் குங்குமம் படத்தில் நான்கைந்து பிக்சல்தான் இருக்கும். ஸ்லைடர் கூடினால் அந்தச் சிவப்பு சுற்றியுள்ள தோலில் கரைந்து வெறும் பழுப்பாகிவிடும். அப்படி ஆனால், கலருக்குக் கீழே உள்ள டீடெயில் ஸ்லைடரை 50-இலிருந்து 70-க்கு ஏற்றுங்கள்.

மணல் தூவியது போன்ற லூமினன்ஸ் நாய்ஸ் வேறு கதை. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைச் சராசரியாக்கித்தான் இதைக் குறைக்கிறார்கள். ஜரிகை இழையோ ஒன்றிரண்டு பிக்சல் அகலம். இது இழை, இது நாய்ஸ் என்று மென்பொருளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒளியே சீராக விழாது: ஒரு பிக்சலில் 100 ஃபோட்டான் (ஒளித்துகள்) விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10%. 10,000 விழுந்தால் 100, வெறும் 1%. வேட்டி நெசவின் வெளிச்ச வேறுபாடு 3% என்றால் முதலாவதில் அது மூழ்கியே போய்விட்டது. எந்த ஸ்லைடரும் அதை மீட்காது.

அதனால் வேலை படம் எடுக்கும்போதே தொடங்குகிறது. ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்து, பிறகு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) தூக்குவது சுத்த வீண். வெளிச்சம் அதேதான், நாய்ஸும் அதேதான், பல கேமராக்களில் கூடவே வரும். விடியுமுன் சிங்கப்பூர் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் கிளம்பும் நேரத்தில் எஃப் 4 ஜூமைவிட, திறப்பு பெரிதான எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஆடுபவருக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடி வேண்டும். அலகு குத்தக் காத்து நிற்பவருக்கு 1/60 தாராளம். அங்கேயும் 1/250 வைத்தால் இரண்டு ஸ்டாப் ஒளியைக் கொட்டிவிட்டீர்கள்.

ஒளியூட்டு நாள்களில் இன்னொரு சிக்கல். நீல எல்இடி வளைவுக்குக் கீழே சென்சாரின் சிவப்புக் கட்டங்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காது. தோல் நிறம் சரியாக வர வேண்டுமென்று வைட் பேலன்ஸைத் (நிறச் சமநிலையை) திருகினால், அந்தப் பட்டினிச் சிவப்பு பெருக்கப்பட்டு முகமெல்லாம் திட்டுகள். பாதி நீலத்தை அப்படியே விடுங்கள். அங்கே நின்றால் கண்ணுக்கும் நீலமாகத்தானே தெரிந்தது!

கோபுரம், அலங்கார வளைவு மாதிரி அசையாதவற்றுக்கு முக்காலி வைத்து 16 படம் எடுத்து, ஃபோட்டோஷாப்பில் லேயர்களாக ஏற்றி, அலைன் செய்து (ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி), எல்லாவற்றையும் ஒரே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி, சராசரி எடுங்கள். நாய்ஸ் நான்கில் ஒரு பங்காகும், ஒரு சுதைக் கோடுகூட மழுங்காது. நடுவில் பேருந்து போயிருந்தால் சராசரிக்குப் பதில் மீடியன் (நடு மதிப்பு): பேருந்து மறைந்துவிடும், நாய்ஸ் கொஞ்சம் கூடுதலாக மிஞ்சும்.

ஒற்றைப் படம்தான் இருக்கிறதா? லூமினன்ஸை 0-இலிருந்து தொடங்கி, 100% பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே 15, 20-இல் நிறுத்துங்கள். மிச்சத்தை மாஸ்க்கில், அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து, செய்யுங்கள். வானத்துக்கும் பின்னணிக்கும் நாய்ஸ் ஸ்லைடர் 40. சேலை, தாடி, மயிலிறகுக்கு மைனஸில் இறக்குங்கள். படத்தைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்கில், அது எங்கே படலாம் என்று வரையறுக்கும் மாஸ்கிங் 0-விலேயே கிடந்தால் வானத்து நாய்ஸும் சேர்ந்தே கூர்மையாகும். ஆல்ட் விசையை அழுத்தியபடி அதை 70 பக்கம் நகர்த்தினால் வானம் கறுத்து, விளிம்புகள் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

2023 ஏப்ரலில் லைட்ரூமுக்கு வந்த, நாய்ஸை நீக்கும் ஏஐ டீநாய்ஸ் நல்ல சரக்கு, மறுக்கவில்லை. ஆனால் தெரியாததை அது ஊகித்து வரைகிறது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தூரத்துக் கடைப் பலகையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: மெய்யெழுத்தின் புள்ளி போயிருக்கலாம், ஏனென்றால் தனியாக நிற்கும் சின்னப் புள்ளியும் நாய்ஸும் அதற்கு ஒரே சாயல். கூட்டத்தின் கடைசி வரிசை முகங்களும் அப்படித்தான். அளவை 30, 40-இல் வையுங்கள். ரா கோப்பில் மட்டும் செய்யுங்கள். கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கில் அது ஏற்கெனவே ஒரு தடவை மழித்துவிட்டது.

கடைசியில், 6000 பிக்சல் அகலப் படம் 2048-க்குச் சுருங்கும்போது ஏறக்குறைய ஒன்பது பிக்சல் ஒன்றாகிறது. நாய்ஸ் தானாகவே மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். முதலில் அந்த அளவில் ஒரு பிரதி எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு ஸ்லைடரைத் தொடுங்கள். வானத்தை ஏற்கெனவே வழுவழுப்பாக்கிவிட்டவர்கள் கிரெயின் (செயற்கையான மணல் புள்ளி) 10 சேர்த்துப் பதிவேற்றுங்கள், இல்லாவிட்டால் முகநூலின் சுருக்கத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.