வெயிலில் எரிந்த பாஸ்காத் திரி

இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடும் கத்தோலிக்கரின் பாஸ்கா வழிபாடு, என் பாட்டி சிறுமியாக இருந்தபோது, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய பெரிய சனியன்று காலையில் நடந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போவாராம். பீடத்துக்கு அருகே ஆளுயர மெழுகுவர்த்தி; அதுதான் பாஸ்காத் திரி. ஜன்னல் வெயில் நேராக அதன்மேல் விழும். “சுடரே தெரியாது. மெழுகு வழிகிறதைப் பார்த்துத்தான் எரிகிறது என்று கண்டுபிடிப்போம்” என்பார். சாமியாரோ லத்தீனில் ‘இதுவே அந்த இரவு’ என்று பாடிக்கொண்டிருப்பார்! மொழி புரியாததால் யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை. நண்பகலோடு நோன்புக்காலமான தவக்காலம் முடிந்துவிடும். வீட்டில் கறி கொதிக்கும்.

“வழிபாடு மரம்போலத் தானாக வளர வேண்டும், யாரும் கைவைக்கக் கூடாது” என்று நண்பர்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு இந்தத் திரிதான் நினைவுக்கு வருகிறது. ஆதித் திருச்சபை இரவெல்லாம் கண்விழித்துக் கொண்டாடிய இந்தப் பாஸ்கா வழிபாட்டை, அதாவது திருவிழிப்பை, எவரும் ஒரே நாளில் காலைக்கு மாற்றவில்லை. அது நூற்றாண்டுக்குச் சிறிது சிறிதாக முன்னே நகர்ந்து பிற்பகலுக்கு வந்தது, பிறகு காலைக்கே வந்துவிட்டது. 1566இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் பிற்பகல் பூசைகளைத் தடைசெய்ததும் அது இறுகிப்போனது. இதுவும் யாரும் திட்டமிடாத வளர்ச்சிதானே? மெதுவாக நடந்தது என்பதற்காகக் கோணல் நேராகிவிடுமா?

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் சோதனை முறையில் இரவு வழிபாட்டுக்கு அனுமதி தந்தார். 1955 நவம்பரில் ஆணை வந்தது; அடுத்த ஆண்டே உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய புனித வாரத்தின் வழிபாடு முழுவதும் மாறியது. மேலிருந்து வந்த ஆணைதான். ஆனாலும் தொலைந்த இரவு திரும்பக் கிடைத்தது. 1962ஆம் ஆண்டு லத்தீன் பூசைப் புத்தகத்தைக் காலங்காலமாக மாறாத ஒன்றாகத் தூக்கிப்பிடிப்பவர்கள், அதிலுள்ள புனித வார வழிபாடு அப்போது வெறும் ஆறு வயதுக் குழந்தை என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அதற்காக எல்லாத் திருத்தத்துக்கும் நான் கைதட்டவில்லை. அதே சீர்திருத்தம் திருவிழிப்பில் படிக்கும் பன்னிரண்டு பழைய ஏற்பாட்டு இறைவாக்கு வாசகங்களை நான்காக வெட்டியது. ஏன் வெட்டினார்கள் என்று இன்றும் எனக்கு உறுத்துகிறது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 23ஆம் எண், திருச்சபையின் நன்மை உண்மையிலேயே கேட்டாலொழியப் புதுமை கூடாது, புதியது பழையதிலிருந்தே முளைத்து வளர வேண்டும் என்கிறது. மாற்றுகிறவர்தான் காரணம் காட்ட வேண்டும் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். வெட்டுவதும் மாற்றம்தான்.

அந்தச் சங்கத்துக்குப் பின் வந்த 1970ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகம் பழைய ஏற்பாட்டு வாசகங்களை ஏழாக்கியது. தேவைப்பட்டால் மூன்று போதும் என்று ஒரு சந்தும் விட்டது. எங்கள் பக்கத்தில் அந்தச் சந்தே ராஜபாட்டையாகிவிட்டது. மோசே மக்களோடு செங்கடலைக் கடக்கும் வாசகத்தை எந்த நிலையிலும் விடக்கூடாது என்று விதி இருப்பதால் மோசே மட்டும் தப்பித்தார்.

சென்ற ஆண்டு நான் போன கோயிலில், இருட்டிய பிறகே தொடங்க வேண்டிய வழிபாட்டை ஆறேகாலுக்கே தொடங்கினார்கள். மேற்கே வானம் இன்னும் சிவந்திருந்தது. விளக்கணைத்துக் காத்திருக்க வேண்டிய கோயிலுக்குள், நேரலைக் கேமராவுக்காக நான்கு குழல்விளக்குகள். பாஸ்காத் திரி எங்களைக் கடந்து போனது. காகிதக் குவளையில் செருகிய மெழுகுவர்த்தியோடு நின்ற பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“ஏற்றிவிட்டார்களா?” என்று என்னிடம் கேட்டார்.