ஒரு தடவை "வேண்டாம்"னு சொன்னா போதாதா?

போன வாரம் குடும்பத்தோடு தீம் பார்க் போயிருந்தோம். மொத்தம் பதினோரு பேர். பத்துப் பேர் ரைடில் ஏறுகிறவர்கள், ஒருத்தி பை பார்த்துக்கொள்கிறவள். அந்த ஒருத்தி நான். மடியில் ஐந்து பை, கையில் நாலு செல்போன், யாருடையதோ மூக்குக்கண்ணாடி. ரோலர் கோஸ்டர் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் எல்லோரும் ஒரே குரலில் அலறுவார்கள். இறங்கி வரும்போது ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கில்லை என்பது ஒவ்வொரு தடவையும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அது எனக்குப் பழகிப்போன வலி.

பழகாதது வேறொன்று. "ஒரே ஒரு ரவுண்டு." "கண்ணை மூடிக்கோ, முடிஞ்சிடும்." "இவ்வளவு தூரம் வந்துட்டு ஏறாமப் போறதா?" சொல்கிறவர்கள் எல்லோரும் என்மேல் பாசம் உள்ளவர்கள். அதனால்தான் மறுப்பது இன்னும் கஷ்டம்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தடவை இணங்கிப்போனேன். அண்ணன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இடுப்புக்குக் குறுக்கே கம்பி இறங்கி, டக் டக்கென்று ஒவ்வொரு பல்லாக இறுகியபோதே எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. உச்சிக்குப் போனதும் வண்டி ஒரு கணம் நின்றதுபோல இருந்தது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் நினைவில்லை. இறங்கியதும் படிக்கட்டில் உட்கார்ந்தவள்தான், அரைமணி நேரம் தலையைத் திருப்ப முடியவில்லை. சுற்றி நின்று எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரொம்ப நாள் சுற்றியது. குமட்டல் அன்று மாலையே போய்விட்டது. அந்த வீடியோ தந்த மனத்தாங்கல் இன்னும் போகவில்லை.

"அது ரொம்ப பாதுகாப்பானது" என்று எனக்குப் பாடம் எடுப்பவர்கள் உண்டு. எனக்கும் தெரியும். நல்ல கோஸ்டரில் தண்டவாளத்துக்கு மேலே, பக்கவாட்டில், அடியில் என்று மூன்று பக்கமும் சக்கரம் கவ்விப் பிடித்திருக்கும். அடியில் ஓடும் சக்கரத்துக்கு ஜான் மில்லர் என்பவர் 1919இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். வண்டி கழன்று விழுந்துவிடும் என்று நான் பயப்படவில்லை. என் காதுக்குள் சமநிலையை உணர்த்தும் மூன்று அரைவட்டக் குழல்கள் ஒன்று சொல்கின்றன, கண் வேறொன்று சொல்கிறது. அந்த முரண்பாடு சிலருக்கு இன்பமாக இருக்கிறது, சிலருக்குக் குடலைப் புரட்டுகிறது. எந்தப் பக்கம் விழுவது என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. பாதுகாப்பு பற்றிய விளக்கம் எதுவும் என் காதுக்குள் போய் வேலை செய்யாது.

இதில் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. எல்லா ரைடு வாசலிலும் ஓர் அளவுப் பலகை நிற்கிறது. ஒன்றில் 102 செ.மீ., இன்னொன்றில் 122 செ.மீ. பிள்ளை அரை விரல் குறைந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். கம்பி உடம்பில் சரியான இடத்தில் பதியாவிட்டால் குழந்தை வழுக்கி வெளியே போய்விடலாம், அதனால். யாரும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. பலகை "முடியாது" என்றால் சரி என்று ஏற்றுக்கொண்டு நகர்கிறோம். அதே பிள்ளை வாயைத் திறந்து "எனக்கு வேண்டாம்" என்றால் மட்டும் ஏன் பேரம் பேசுகிறோம்?

இந்தத் தடவை அதுதான் நடந்தது. அண்ணன் மகளுக்கு ஒன்பது வயது, உயரம் 122ஐத் தாண்டிவிட்டது. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, ஏறும் இடம் வரைக்கும் வந்தபின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். (அவளுக்குத் துணையாக அதுவரை வந்திருந்தேன்.) கை சில்லிட்டிருந்தது. "அத்தை, நான் போகல" என்றாள். அவள் அப்பா தொடங்கிவிட்டார், "ஏய், பயந்தாங்கொள்ளி..." என்று. நான் இடையில் புகுந்து, "அண்ணா, அவ சொல்லிட்டா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஊழியர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஓரத்தில் இருந்த சின்னக் கதவைத் திறந்துவிட்டார். மனம் மாறியவர்கள் வெளியே போவதற்கென்றே நிறைய ரைடுகளில் அப்படி ஒரு வழி இருக்கிறது. கட்டும்போதே யாரோ ஒருவர் நம்மையும் நினைத்திருக்கிறார்.

இருவரும் நிழலில் உட்கார்ந்தோம். எதிரே பெரிய கரடி வேஷம் போட்டவரோடு எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் வாலைப் பிடித்து இழுத்தார்கள், ஒருவர் தலையைத் தட்டினார். உள்ளே வேர்த்து நிற்பதும் ஒரு மனிதர்தானே. அப்போது ஒரு தகப்பன் மூன்று வயதுப் பையனை அவர் முன்னால் தள்ளினார். பையன் அலறிக்கொண்டு அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தான். அப்பா மறுபடி தள்ளினார். கரடி இரண்டடி பின்னால் போய், தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அங்கிருந்தே மெதுவாகக் கையசைத்தது. பக்கத்தில் வரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் காலுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து திரும்ப அசைந்தது.

அண்ணன் மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரைடில் ஏறிய நம்மவர்கள் இறங்கி வரும் வழியைக் காட்டி, "அப்பா திட்டுவாரா?" என்று கேட்டாள். திட்டமாட்டார் என்றேன்.

அண்ணன் வந்தார். ஒரு பையை என் மடியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். மகளிடம், "அடுத்து எங்க போகலாம், நீ சொல்லு" என்றார்.