அந்தக் கால் எலும்பு இப்போது எங்கே?

எங்கள் ஒத்தக்கடைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பார்வர்டு. உலகத்திலேயே பெரிய டைனோசர் தமிழ்நாட்டில்தான் நடமாடியது, இதைப் பகிராதவன் தமிழனா என்கிற ரகம். கீழே வரிசையாகக் கைதட்டல். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாதிக் கதையைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டார்கள். அந்த மீதிதான் உறுத்துகிறது.

அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்று ஓர் ஊர். அங்குள்ள மணற்கல், களிமண் அடுக்குக்கும் அதே பெயர். ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கடல் பின்வாங்கிய இடத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. அதில் கிடைத்த எலும்புகளுக்கு 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புக்காரன் என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். எங்கள் வீட்டு வாசல் நிலையை டேப் வைத்து அளந்து பார்த்தேன், கிட்டத்தட்ட அதே உயரம்.

முதலில் அதை ஊன்தின்னி என்றே எழுதினார்கள். பிறகுதான் நீண்ட கழுத்துள்ள தழைதின்னி என்று ஆனது. எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. (பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கல்மரமே படுத்துக் கிடக்கிறது, சந்தேகம் வராமல் என்ன செய்யும்?)

சரி, எலும்பை எடுத்துப் பார்த்தால் வழக்கு தீர்ந்துவிடுமே என்பீர்கள். எலும்பு இல்லை. பொடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது அளவுகளும், வரைபடங்களும், 2022-ல் வெளியிட்ட பழைய போட்டோக்களும்தான். அதன் மேல்தான் 2023-ல் 110 டன்னிலிருந்து 170 டன் வரை எடைக்கணக்குப் போட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு மடங்குக்கு ஒன்றரை மடங்காக இழுபடும் கணக்கு. கையில் எலும்பு இருந்திருந்தால் இவ்வளவு இழுத்திருக்குமா?

என் தங்கையைக் கொடுத்திருப்பது அரியலூர்ப் பக்கம். வைகை எக்ஸ்பிரஸில் போய் அரியலூரில் இறங்குவேன். மதுரைக்காரர்களுக்கு அந்த ஸ்டேஷன் சிமெண்ட் ஊர், அவ்வளவுதான். வயதானவர்கள் 1956 ரயில் விபத்தைச் சொல்வார்கள். மழைக்கு மறுநாள் ஒருமுறை மச்சானோடு ஓடைக்கரையில் நடந்தேன். ஊறிப் பருத்த களிமண் செருப்பில் அப்பியது. மதிய வெயிலில் அதே மண் பாளம் பாளமாக வெடித்தது. ஒரு கட்டியை எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் உதிர்கிறது. வருஷா வருஷம் ஊறுவதும் காய்வதுமாக இருக்கிற மண்ணுக்குள் எலும்பு எத்தனை நாள் தாங்கும்? எடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஊரின் சுண்ணாம்புக்கல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மச்சான் கதவுக்கு அண்டைக் கொடுத்திருந்த கல்லில் உள்ளங்கை அகலச் சிப்பி ஒன்று, படகு மாதிரிக் குழிந்து, வரிவரியாக. கடல் இருந்த காலத்துச் சிப்பி. அந்தக் கல்லைத்தான் அரைத்துச் சிமெண்டாக்குகிறார்கள். நம் வீட்டுச் சுவரிலும் அந்தக் கடல் கொஞ்சம் இருக்கலாம்.

பார்வர்டில் வராத இன்னொன்று, ஒரு பல். அதே கல்லமேட்டு அடுக்கில் கிடைத்த ஒற்றைப் பல். ட்ரூடான் வகைச் சின்ன டைனோசருடையது என்று 2013-ல் எழுதினார்கள். பறவைகளுக்கு நெருங்கிய சொந்தம் அந்த இனம். அதுவரை வடக்குக் கண்டங்களில் மட்டும் வாழ்ந்ததாக நினைத்திருந்தது. அதே வருஷம் இன்னொரு பல்வகை, மடகாஸ்கரின் சப்பை மூக்கு முதலையை ஒத்தது என்றார்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்தவை என்பதால் அந்த முதலைப் பல் சாதாரணச் சமாச்சாரம் இல்லை. நாளைக்கே ஒருவர் மறுத்தாலும் பல்லை லென்ஸுக்கு அடியில் வைத்து மறுக்கலாம். 2 மீட்டர் எலும்பை விட எனக்கு இந்தப் பல்தான் பெரிசு.

கீழடியில் ஒரு பானை ஓடு கிடைத்தால் குழி எண், ஆழம் எல்லாம் எழுதிப் பையில் போடுகிறார்கள். 2600 வருஷத்துக்கு அவ்வளவு மரியாதை. ஏழு கோடிக்கு ஏன் இல்லை? எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் சுற்றுலா என்றால் கொடைக்கானல். அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு பஸ்ஸை அந்தப் பக்கம் திருப்பினால் என்ன?

மகள் கேட்டாள், "அப்பா, நம்ம யானைமலையில தோண்டுனா டைனோசர் கிடைக்குமா?" கிடைக்காதும்மா, அது பூமிக்குள் ஆழத்தில் வெந்து இறுகிய கல், டைனோசர் பிறக்கும் முன்பே வெந்தது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் மாமா வீட்டுக் கதவுக்கல்லை எடுத்து வரலாமா என்றாள்.

குழுவில் இதையெல்லாம் சுருக்கி எழுதினேன். ஓர் அண்ணன் கும்பிடும் கை போட்டார். பத்து நிமிஷத்தில் அவரே அந்தப் பார்வர்டை மறுபடி அனுப்பினார்.