வளைவு வேண்டாம், கூரை வேண்டும்

நேற்று நம் தோட்டத்தின் கூட்டத்தில் நடந்ததும், அதன் பிறகு குழுவில் வந்த பதிவும் உங்களில் பலருக்குத் தெரியும். ராத்திரியே பதில் எழுதியிருப்பேன். கோபத்தில் வேண்டாம் என்று படுத்துவிட்டேன். விடிந்தும் கோபம் போகவில்லை.

பெரிய தொகையோடு ஒருவர் வந்தபோது வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, விதை அறைக் கூரைக்கு எங்களிடம் எதற்குக் கை நீட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. கேட்டவர் எனக்கு அண்ணன் மாதிரி. யாரோ கேட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அண்ணா, அந்தப் பணம் வாசலில் புது வளைவு கட்டத்தான். அதில் ஒரு பைசாவைக்கூட வேறு வேலைக்குத் தொடக் கூடாது என்பது நிபந்தனை. நாங்கள் கேட்டது விதை அறையின் கூரைக்கு. வாசலில் வளைவு பளபளக்க, உள்ளே விதை நனைந்துகொண்டிருந்தால் அதற்குப் பெயர் தோட்டமா?

போன மழையில் விதை அறையின் மூன்றாவது இழுப்பறையைத் திறந்தேன். காகிதப் பொட்டலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூசணம். ஒரு பொட்டலத்தில் 'அவரை, கடைசிப் பறிப்பு' என்று எழுதியிருந்தது. மை கரைந்து நீலமாகப் பரவியிருந்தது. முப்பது வருஷம் அந்த அறையைப் பார்த்துக்கொண்ட அக்காவின் கையெழுத்து. அவர் இப்போது இல்லை. அதில் இருபது விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்தேன். முளைத்தது இரண்டு.

விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் கூடினாலே அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது விதை சேமிப்பவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. வெங்காய விதை நல்ல நிலையில் வைத்தாலே ஒன்றிரண்டு வருஷம்தான் தாங்கும். ஒழுகும் கூரைக்குக் கீழே எத்தனை நாள் தாங்கும்? கூரை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

குறைந்த செலவில் ஒட்டுப்போட்டால் போதாதா என்றும் கேட்டார்கள். முன்பு அப்படித்தான் செய்தோம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய விதை அறையின் பழைய சுவருக்குச் செலவு குறையட்டும் என்று சிமெண்ட் பூசினோம். நானும் கை தூக்கி ஆதரித்தவள்தான். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. ஈரம் செங்கலுக்குள்ளேயே தங்கி, இன்று அந்தச் சுவரில் கையை வைத்தால் செங்கல் பொடியாக உதிர்கிறது. மிச்சம் பிடித்தது அவ்வளவுதான். இந்தத் தடவை தெரிந்த ஆளைக் கூப்பிட்டுச் சுண்ணாம்பிலேயே செய்ய வேண்டும். அதனால்தான் தொகை கூடுதல்.

செடிக்கு எதற்கு இவ்வளவு, படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். கொடுங்கள். தடுக்கவில்லை.

இடம்தான் இருக்கிறதே, அப்புறம் பணம் எதற்கு என்ற பேச்சுக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கில் 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்ணும் அவர் நண்பர்களும் குப்பைமேடாகக் கிடந்த காலி மனையைத் தோட்டமாக்கினார்கள். அடுத்த வருஷம் நகர நிர்வாகம் அதை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு விட்டது. நிலம் ஒரு டாலருக்குக் கிடைத்தது, சரி. குப்பையை அள்ளியது, மண் கொண்டுவந்து பரப்பியது, வேலி போட்டது எல்லாம் மனிதர்கள். அதே நகரம் 1999இல் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலம் விடப் போனபோது, நிலத்தைப் பொதுமக்களுக்காகக் காக்கும் டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் என்ற அமைப்பும், நடிகை பெட் மிட்லர் தொடங்கிய அமைப்பும் பணம் போட்டு வாங்கியதால்தான் அவை மிஞ்சின. இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அவர்கள் உட்கார்ந்திருந்தால் இன்று அங்கே கட்டடங்கள்தான் நிற்கும்.

கடைசியாகக் கணக்கு. இதைக் கேட்டதுதான் என்னை உடைத்தது. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பதினோரு வருஷமாக ஒவ்வொரு ரசீதையும் ஒட்டி வைத்திருக்கிற நோட்டு அந்த மேசை மேல்தான் கிடக்கிறது. ஒருநாள்கூட வந்து புரட்டாமல், எல்லோர் முன்னாலும் 'பணம் எங்கே போகிறதோ' என்று எழுத எப்படி மனசு வந்தது? நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வராத நாட்களில் வேலைக்குப் போகும் முன்னால் நான் ஓடியிருக்கிறேன். காய்ச்சலோடும் ஓடியிருக்கிறேன். இதையெல்லாம் சொல்லிக் காட்டுபவள் இல்லை நான். நேற்று சொல்ல வைத்துவிட்டீர்கள்.

பெயர்ப் பலகை வைக்க ஆள் வருகிறார்கள், புது பெஞ்சு போட வருகிறார்கள். ஓடு மாற்ற, குழாய் மாற்ற, உளுத்துப்போன கதவுச் சட்டத்தை மாற்ற யாரும் வருவதில்லை. அங்கே பெயர் எழுத இடமில்லை.

அண்ணா, சனிக்கிழமை காலை இழுப்பறைகளைக் காலி செய்து விதைகளை வேறு அறைக்கு மாற்றுகிறோம். நல்ல விதையையும் கெட்டதையும் பிரிக்கவே ஆறேழு பேர் வேண்டும். வாருங்கள். நோட்டை உங்கள் கையில் தருகிறேன், முதல் பக்கத்திலிருந்து பாருங்கள். அந்த அவரைப் பொட்டலத்தை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை, அதையும் பாருங்கள். முளைத்த இரண்டையும் தொட்டியில் வைத்திருக்கிறேன். ஒன்று கொடி விட ஆரம்பித்திருக்கிறது.