பவளப்பாறையின் உயரமும் அதன் வயதும்

கடந்த இடைப்பனிக்காலத்தில் (இரு பனியுகங்களுக்கு நடுவிலான வெப்பக் காலம்), சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைவிட 6 முதல் 9 மீட்டர் உயர்ந்திருந்தது என்பது சரி. அந்தக் காலத்தின் நடுவில் கடல் சட்டென்று 2–3 மீட்டர் எகிறியது என்ற வாதத்தில்தான் நிதானம் வேண்டும். அதற்கு முக்கியச் சான்று மெக்சிகோவின் யுகடான் கரையிலுள்ள ஷ்காரெட். அங்கே 3 மீட்டர் உயரத்தில் ஒரு பவளத்திட்டு வளர்ச்சி நின்று கிடக்கிறது. நிலப்பக்கமாகத் தள்ளி, 6 மீட்டரில் இன்னொன்று. படிவரிசை தெளிவு. காலக்கணக்குதான் இடிக்கிறது.

யுரேனியம் ஐசோடோப்புகளை வைத்து வயதைக் கணக்கிட, பவளக்கூடு முதலில் உருவான அரகோனைட் என்ற கனிமமாகவே இருக்க வேண்டும். அது பின்னாளில் மாறி உருவாகும் கால்சைட் 1–2 சதவீதத்தைத் தாண்டினால் மாதிரியை ஒதுக்கிவிடுவார்கள். அடுத்து யுரேனியம்-234க்கும் 238க்கும் உள்ள தொடக்க விகிதத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், கடல்நீரின் மதிப்பான சுமார் 1.145 கிடைக்க வேண்டும். கூடுதலாக வந்தால் மழைநீர், நிலத்தடி நீர் வழியே ஐசோடோப்புகள் ஏறியிருக்கின்றன. வயதும் பெரும்பாலும் உள்ளதைவிட மூப்பாகக் காட்டும். ஷ்காரெட் மாதிரிகள் பலவற்றுக்கு இந்தச் சிக்கல் உண்டு.

பஹாமாஸ் தீவுகளின் கதை வேறு; அங்கே நிலமே அசைந்தது. வட அமெரிக்கப் பனிப்பாளம் அழுத்தியபோது அதன் ஓரத்தில் புடைத்த நிலம், பனி உருகியபின் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மெல்லத் தாழ்ந்தது. பனி ஒரு துளி உருகாவிட்டாலும் அங்கே கடல் ஏறியதுபோல்தான் தெரியும். இந்தத் திருத்தம் இல்லாமல் இரண்டு கரைகளின் உயரங்களை ஒப்பிட்டு வேகம் கணக்கிடுவது வீண்வேலை.